இங்கே மட்டும் எட்டிப் பார்க்காதே!

மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறங்கள். தேடல் கட்டத்தில் எம், டி என்று இரண்டே எழுத்து தட்டுங்கள். அடேயப்பா, ஒரு கூட்டமே வந்து நிற்கும்! எம்டிஎஸ், எம்டிஎஸ் ஸ்டோர்ஸ், எம்டி வொர்க்கர், இன்னொரு எம்டி வொர்க்கர், அதற்குப் பின்னால் மற்றொன்று... 2005 ஏப்ரலில் டைகர் பதிப்போடு வந்திறங்கிய ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதியின் திரைமறைவுப் பட்டாளம் இதுதான்.

நீங்கள் ஒரு கடிதத்தை அடித்து சேவ் செய்த கையோடு எம்டிஎஸ்ஸுக்குத் தகவல் போய்விடும். அது ஒரு வொர்க்கரைக் கிளப்பிவிடும். வொர்க்கர் ஃபைலைத் திறந்து, உள்ளே இருக்கும் சொற்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். அவை அட்டவணையில் ஏறும். பிறகு நீங்கள் தேடும்போது, சொல்லை அடித்து முடிப்பதற்குள் விடை வந்து குதிக்கிறதே, அந்த நேரத்தில் டிஸ்க்கை யாரும் துழாவுவதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்ததைப் புரட்டிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். (இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அது மந்திரமாகத்தான் படுகிறது.)

ஆனால் உண்மையான வேடிக்கை, இந்தப் பட்டாளத்தை உள்ளே விடாமல் நிறுத்துவதில் இருக்கிறது. முறையான வழி, ஸ்பாட்லைட் செட்டிங்ஸில் உள்ள சர்ச் பிரைவசி. ஒரு ஃபோல்டரை அங்கே இழுத்துப் போட்டால், அது தேடலின் கண்ணிலிருந்தே மறைந்துவிடும். வெளியே எடுத்தால் முதலிலிருந்து அட்டவணை போடத் தொடங்கும். தேடல் கோளாறு செய்தால் ஆப்பிள் சொல்லும் வைத்தியமும் இதுவே: முழு டிஸ்க்கையும் அந்தப் பட்டியலில் போட்டு, திரும்ப எடு!

குறுக்கு வழி இன்னும் ருசி. ஃபோல்டர் பெயரின் வாலில் ஒரு புள்ளி வைத்து, ஆங்கிலத்தில் நோஇண்டெக்ஸ் என்று ஒட்டிவிடுங்கள். வொர்க்கர் பெயரைப் பார்த்ததுமே ஒதுங்கிப் போய்விடும்.

லினக்ஸில் குனோம் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெயரைக்கூட மாற்ற வேண்டாம். அங்கே தேடலைக் கவனிக்கும் டிராக்கருக்கு (2024-இல் அதன் பெயர் மாறிவிட்டது) ஒரு காலி ஃபைல் போதும். முன்னால் புள்ளி, பிறகு டிராக்கர்இக்னோர். உள்ளே ஓர் எழுத்தும் வேண்டாம். கட்டி முடியாத வீட்டில் தொங்கும் திருஷ்டிப் பூசணி மாதிரி, அது அங்கே இருந்தாலே கண் படாது! நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் இருக்கும் ஃபோல்டரைக் கண்டாலும் டிராக்கர் விலகிவிடும். இன்னொரு சங்கதி: ஆண்ட்ராய்டு ஃபோனில், படங்கள் கேலரியில் வந்து கொட்டாமலிருக்க முன்னால் புள்ளியோடு நோமீடியா என்று ஒரு ஃபைல் வைப்போமே, அதற்கும் இங்கே அதே மரியாதை. ஃபோனுக்கு எழுதிய சட்டத்தை மேசைக் கணினியும் மதிக்கிறது. யார் யோசித்தார்களோ, கையைக் குலுக்க வேண்டும்.

விண்டோஸில் இத்தனை விளையாட்டு இல்லை. செட்டிங்ஸில் தேடலுக்கான பக்கத்துக்குப் போய், விலக்க வேண்டிய ஃபோல்டர்களைச் சேர்த்தால் முடிந்தது. ஆப்கள் தங்கள் தரவைப் போட்டு வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை அதுவே ஒதுக்கி வைத்திருக்கும். நீங்கள் மும்முரமாக வேலை செய்யும்போது, அட்டவணை போடும் சர்ச்இண்டெக்ஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும்: இப்படி விலக்குவது பூட்டு இல்லை. விலக்கிய ஃபோல்டருக்குள் நுழைந்து தேடினால், விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலாக மெதுவாக நடந்து கண்டுபிடித்துவிடும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் என்கிரிப்ஷன்தான் வழி.

எதை விலக்கலாம்? நிரல் எழுதுகிறவரா, ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள் நெரியும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை முதலில் தள்ளுங்கள். பில்டு செய்யும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் ஃபோல்டர்களையும், விர்ச்சுவல் மெஷின் வைத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உற்சாகத்தில் டாக்குமெண்ட்ஸில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். வருமான வரி கட்டும் மாதம் வரும்!