ஏழு வயதுக் கண்ணுக்கு எட்டாத வேகம்

பள்ளி வாசலில் ஒரு குழந்தை அடிபட்டால் நாம் முதலில் கேட்பது, “பார்த்துக் கடந்திருக்கக் கூடாதா?” என்றுதான். பார்த்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த நம்பிக்கையை ஆட்டம்காண வைத்தது ஜான் வான் தலைமையில் லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியில் நடந்து, 2011-இல் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு. தம்மை நோக்கி நேராக வரும் வாகனத்தைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளால் எந்த வேகம்வரை உணர முடிகிறது என்று அது அளந்து பார்த்தது. ஐந்து விநாடியில் வந்து சேரும் தொலைவில் உள்ள கார் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வந்தால், அது நெருங்குகிறது என்பதையே பிள்ளைகளால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. பெரியவர்களோ 80 கிலோமீட்டர் வேகம்வரை கண்டுகொண்டார்கள். ஆக, இது கவனக்குறைவு சார்ந்த விஷயமே அல்ல. அந்த வயதுப் பார்வைக்கு இன்னும் வாய்க்காத திறன்.

காரணம் எளிய வடிவியல். நேராக வரும் வாகனம் இடமோ வலமோ நகர்வதில்லை. அதன் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பது ஒன்றுதான் கண்ணுக்குக் கிடைக்கும் தடயம். ஐந்து விநாடியில் நம்மை எட்டப்போகும் கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 42 மீட்டர் தள்ளி இருக்கும். 60-இல் வந்தால் 83 மீட்டர் தள்ளி இருக்கும். தள்ளி இருப்பதாலேயே அதன் உருவம் பாதி வேகத்தில்தான் பெரிதாகும். எது வேகமாக வருகிறதோ அதுதான் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். இந்தக் கணக்கைச் சென்னைக்குப் பொருத்தினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கார் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம். பைக், கைப்பிடியோடு சேர்த்தாலும் 0.7 மீட்டர்தான். குறுகலான உருவம் பெருப்பது கண்ணில் இன்னும் குறைவாகவே படும். இந்த ஒரு தடயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 30-இல் வரும் பைக், 70-ஐத் தாண்டி வரும் காருக்குச் சமம். நம் தெருக்களில் அதிகம் ஓடுவது இருசக்கர வாகனம் என்பதை நினைத்துக்கொண்டால், பள்ளி வாசலில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்பதே தாராளமான வேக வரம்பு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டுநரின் பக்கமும் இதே எண்ணில்தான் வந்து நிற்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். காய்ந்த சாலையில், 30-இல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வரும் காருக்கு அந்த முதல் விநாடியிலேயே 14 மீட்டர் கழிந்துவிடும். 13 மீட்டர் தள்ளி நிற்கும் குழந்தைமீது, பிரேக் பிடிக்கும் முன்பே அது முழு வேகத்தில் மோதிவிடும். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். வாசலை ஒட்டி வரிசையாக நிற்கும் வேன்களுக்கும் எஸ்யூவிகளுக்கும் நடுவிலிருந்து அது வெளிப்படும்போது, முதலில் தெரிவது பெரும்பாலும் புத்தகப் பையின் ஓரம். கையை நீட்டி வண்டியை நிறுத்தியபடியே கடப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்தச் சின்னக் கை எஸ்யூவியின் பானெட்டுக்கு மேல் எளிதில் தெரியாது.

ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் நாம் ஏதோ செய்யத்தான் செய்கிறோம். 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. 2025 ஜூனில் பெரம்பூரில் ஸ்கூட்டரில் பள்ளிக்குச் சென்ற பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தபின், பள்ளி நேரத்தில் கனரக வாகனங்களுக்கான தடை இறுகியது. இரண்டும் தேவையானவை. ஆனால் ஒன்று பேருந்துக்குள் பார்த்தது, மற்றொன்று லாரியைப் பார்த்தது. வாசலுக்கு எதிரே உள்ள சாலையை யாரும் பார்க்கவில்லை. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30 என்று வேக வரம்பை மாற்றியது. நல்ல முடிவுதான். ஆனால் குடியிருப்புப் பகுதிக்கான அந்த 30 எட்டாத, சாந்தோம் நெடுஞ்சாலை, ராயப்பேட்டை நெடுஞ்சாலை போன்ற பேருந்துத் தடங்களிலும் பள்ளிகள் இருக்கின்றன. தவிரவும், பலகையில் எழுதிய எண்ணை வைத்து யாரும் வண்டி ஓட்டுவதில்லை. சாலை எவ்வளவு அகலமாக, நேராக இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

“பிள்ளைகளுக்குச் சாலை விதிகளைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?” என்று கேட்கலாம். சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். நிற்கும் வண்டிகளுக்கு இடையே புகாதே, வளைவில் கடக்காதே என்பதெல்லாம் உண்மையிலேயே பயன்படும். ஆனால் சிறு பிள்ளைகளைச் சாலைக்கேற்பப் பழக்கிவிட முடியாது என்று ஸ்வீடன் உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960-களிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார். இல்லாத திறனைப் பயிற்சியால் கொண்டுவர முடியாது.

இன்னொரு கேள்வி இதைவிட வலுவானது. பாண்டி பஜாரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் வண்டிகள் ஊர்ந்துதானே போகின்றன, அங்கே எதற்கு வேக வரம்பு? சராசரி வேகம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. காலை எட்டரை மணி நெரிசலில் கார் நிற்கும், பைக் நிற்காது. நிற்கும் வண்டிகளின் இடது ஓரத்து இடைவெளியில் புகுந்து, சில சமயம் பிளாட்பாரத்தில் ஏறி, பிள்ளை இறங்கும் பக்கத்திலேயே வரும். சின்ன வகுப்புகள் விடும் மதிய நேரத்திலோ சாலை காலியாக இருக்கும். அப்போது எல்லோருக்கும் வேகம் கூடும். ஒரு சதவீதம் சராசரி வேகம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு.

ஆகவே வேகத்தைக் குறைக்கிற வேலையைச் சாலையே செய்ய வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டியில் இதற்கு அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள வேகத்தடையைச் சுமார் 25 கிலோமீட்டரில் இதமாகக் கடக்கலாம். இரவோடு இரவாகக் கொட்டிய, வெள்ளைக் கோடுகூட இல்லாத தார் மேடு வேறு. அது இடுப்பை ஒடிக்குமே தவிர பாதுகாப்பு தராது. ஜீப்ரா கோடுகளைச் சாலையின் மட்டத்தில் போடாமல் பிளாட்பாரத்தின் உயரத்துக்கு மேடையாக எழுப்பினால் வேகத்தடையும் கடக்கும் இடமும் ஒன்றாகிவிடும், குழந்தையும் ஓட்டுநரின் கண்ணில் உயர்ந்து தெரியும். ஆம்புலன்ஸ் தாமதமாகாதா என்றால், 200 மீட்டரை 50-இல் கடக்க 14 விநாடி, 30-இல் 24 விநாடி. வித்தியாசம் பத்து விநாடி. பணக்கார நாடுகளின் ஆடம்பரமும் அல்ல இது. தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் பள்ளிகளைச் சுற்றி வேகத்தடை, நடைபாதை, ஜீப்ரா கோடு போட்டு, சில இடங்களில் வாசலையே அமைதியான தெருவுக்குத் திருப்பியதில், பிள்ளைகளின் காயங்கள் கால்வாசிக்கு மேல் குறைந்தன.

பெற்றோருக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்: வாசலில் இருக்கும் ஆபத்தில் ஒரு பகுதி தம் பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து இறக்க விரும்புகிறவர்களால் உண்டாவது. இறங்குமிடத்தை நூறு, இருநூறு மீட்டர் தள்ளிவைத்துவிட்டு மீதித் தூரத்தைப் பிளாட்பாரத்தில் நடக்கவிட்டால் வாசலில் அந்த வண்டி வரிசையே இருக்காது. அதற்குப் பிளாட்பாரம் இருக்க வேண்டும் என்பது நியாயமான பதில். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகப் பனகல் பார்க், லஸ், மந்தைவெளி, அடையாறு என்று தோண்டிய சாலைகளை எப்படியும் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது பள்ளி வாசல்களில் பிளாட்பாரத்தையும் எழுப்பிய கடவையையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் தனியாக ஒரு டெண்டர்கூடத் தேவைப்படாது.