நாங்க யார்? சோனகரும் சுயபடிமமும்

"நாங்க யாவாரச் சனம்." எங்கட ஆக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே வரைந்துகொள்ளும் இத்தகைய படத்தைச் சுயபடிமம் எனலாம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வர வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, மீதி உடையவனுக்கு. ஆணை சிங்கள மன்னனுடையது; மொழி தமிழ். மொழியும் இனமும் ஒன்றென்று அந்தத் துறைமுகம் கருதவில்லை.

பின்னாளில் இது அரசியலாயிற்று. சோனகர் இனத்தால் தமிழர், மார்க்கத்தால் முஸ்லிம்கள் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டார். மறுவருடம் சட்டநிரூபண சபையில் சோனகருக்கு ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், அரபு வம்சாவளியை முன்வைத்து இராமநாதனை மறுத்தார். பேச்சு பூர்வீகம் பற்றியது, பிரச்சினை பிரதிநிதித்துவம்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தாய்மொழி தமிழ் என்பது அவர்களைக் காக்கவில்லை. புத்தளம் போனவர்களுக்கு, சொந்த உம்மத்தின் நடுவிலேயே, 'அகதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் 'யாவாரச் சனம்' என்ற பெருமையில் கவனம் வேணும். கிழக்கின் விவசாயியும் மீனவனும் அதில் இல்லை. 'யாவாரி எங்க போனாலும் பிழைச்சுக்கொள்ளுவான்' என்று நாமே சொன்னால், இழந்த காணியும் பள்ளிவாசலும் மையவாடியும் இழப்பாகவே தெரியாது.