பூதக்கண்ணாடியின் நிழல்

சென்ற வாரம் ஒரு குச்சியின் நிழலை வைத்து நண்பகலைக் கண்டுபிடித்தோம். இந்த வாரம் வெயிலில் நெருப்பு மூட்டலாம். பூதக்கண்ணாடியைப் பிடி, கீழே காகிதத்தை வை, புகையும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய வித்தைதான். அதோடு விட்டால், கண்ணாடிக்குள்தான் ஏதோ சூடு இருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆகவே புகையைக் காட்டுமுன் நிழலைக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. கண்ணாடி ஒளியை மறைக்காத பொருள். ஆனாலும் அதை வெயிலில் பிடித்தால், நடுவே கண் கூசும் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வட்டமாக ஒரு நிழலும் விழுகின்றன. அந்த நிழல் ஏன் வந்தது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். அங்கே விழவேண்டிய வெயில்தான் புள்ளிக்குப் போய்விட்டது என்பதைச் சற்றுப் பொறுத்தால் பிள்ளையே சொல்லிவிடும்.

கணக்கும் அதையே சொல்கிறது. தெளிந்த வானத்து உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். 5 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் பங்குக்கு அதில் 2 வாட்கூட வராது. கைபேசி சார்ஜர் தருவது இதைவிட அதிகம். ஆனால் குவியத் தொலைவு 10 செ.மீ. என்றால், அந்த 2 வாட்டும் சுமார் 1 மி.மீ. அகலத்துக்குள் நெருங்கி விழுகிறது. பரப்பு 2,500 பங்கு சுருங்கிவிட்டது. இன்னும் சுருக்க முடியாதா? முடியாது. நாம் புள்ளி என்று சொல்வது உண்மையில் சூரியனின் படம். வானத்தில் சூரியனுக்கு அரை டிகிரி அகலம் இருப்பதால் படத்துக்கும் ஓர் அகலம் உண்டு. பகுதி கிரகணத்தன்று காகிதத்தில் விழுவது வட்டமல்ல, பிறை! இதற்குமேல் சாட்சி எதற்கு? வெள்ளைத்தாள் பற்றத் தயங்கும்; பெரும்பாலான ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பென்சிலால் ஓரிடத்தைக் கருப்பாக்கிக் கொடுத்தால் சட்டென்று புகையும்.

சூடு கண்ணாடிக்குள் இல்லை என்பது நமக்குப் புதிய செய்தியுமல்ல. சூரியகாந்தக் கல்லும் பஞ்சும் திருமூலருக்கு உவமை ஆயின. கல் தானாகப் பஞ்சைச் சுடாது, சூரியன் முன்னிலையில்தான் சுடும் என்கிறது திருமந்திரம். அவர் பேசியது உயிரின் மலம் நீங்குவதைப் பற்றி. ஆனாலும் கல்லுக்குச் சொந்தச் சூடில்லை என்ற கவனிப்பு அந்த உவமைக்குள் துல்லியமாக இருக்கிறது.

பிள்ளை கையில் நெருப்பைக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அச்சம்தான், ஆனால் காகிதத்தைவிடக் கண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம். லென்ஸ் வழியே சூரியனைப் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். அங்கே வலி உணர்வு இல்லாததால் வெந்தது அப்போது தெரியாது. ஆகவே கூட ஒரு பெரியவர், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கறுப்புக் கண்ணாடி, சிமென்ட் தரை இவை இல்லாமல் தொடங்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடியும் புள்ளியின் கூச்சத்துக்கு மட்டுமே, சூரியனைப் பார்ப்பதற்கு அல்ல. எறும்பின்மேல் புள்ளி போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். மறைத்து வைத்த லென்ஸைப் பிள்ளை ஒருநாள் தானே கண்டெடுக்கத்தான் போகிறது. சன்னலோரத்தில் வெயில்படும்படி விட்ட லென்ஸ் திரைச்சீலையைப் பற்றவைக்கும் என்பது விவரம் தெரிந்த பிள்ளைக்குத்தான் உறைக்கும். காணொளி போதாதா என்பது இன்னொரு கேள்வி. போதாது. லென்ஸை ஏற்றி இறக்கும்போது ஒளிவட்டம் பெருத்துச் சிறுத்து, ஓர் உயரத்தில் மட்டும் கூர்மையாகிறது. அந்த உயரத்தைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

புகை வந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. ஜான் பிரான்சிஸ் கேம்பல் 1853இல் இந்தச் சூட்டையே எழுதுகோல் ஆக்கினார்; 1879இல் ஸ்டோக்ஸ் அதைத் திருத்தியமைத்தார். வெயில் அடித்த நேரத்தைப் பதியும் அந்தக் கருவியில் ஒரு கண்ணாடி உருண்டையும் அதன் பின்னால் வளைந்த அட்டையும் இருக்கும். சூரியன் நகர நகர, அட்டையில் கருகிய கோடு நீளும். மேகம் மறைத்த நேரத்துக்கு அங்கே கோடு இல்லை.

(தொடரும்)