பொய்யாச் சாட்சியும் பிழைபடும் நினைவும்

கோவலன் கதையை அறியாத தமிழர் இலர். பொற்கொல்லன் உரைத்த பொய்யை ஆராயாது ஏற்றான் பாண்டியன். குற்றமற்ற ஓருயிர் மாண்டது. பொய் சொல்லும் சாட்சியிடம் நீதி விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதை அக்கதை உணர்த்துகிறது. ஆனால், பொய்யே சொல்லாத ஒருவர், தாம் கண்டதாக மனமார நம்பி, நடவாத ஒன்றைச் சொன்னால் என் செய்வது? அவரிடம் வஞ்சகம் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை, ஆணையிட்டுக் கூறுகிறார். ஆயினும் அவர் கூறுவது உண்மை அன்று. நீதிமன்ற உளவியல் என்னும் துறைக்கு வித்திட்டது இவ்வினாவே. இக்காலத்தார் அதனைத் தடய உளவியல் என்றும் வழங்குவர்.

தோற்றம்

1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். தத்துவத்தின் ஒரு பகுதியாக இருந்துவந்த உளவியல், சோதித்தும் அளந்தும் அறியும் அறிவியலாக வளரத் தொடங்கியது. அவரிடம் பயின்ற அமெரிக்கரான கேட்டல், கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவரிடம் எளிய வினாக்கள் சில கேட்டு, அதன் முடிவை 1895-இல் வெளியிட்டார். ஒரு வாரத்திற்கு முன் வானிலை எவ்வாறு இருந்தது என்பது அவ்வினாக்களுள் ஒன்று. விடைகள் வியக்கத்தக்க அளவில் வேறுபட்டன. உறுதியோடு உரைத்தவரும் தவறினர்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1901-02 ஆண்டளவில் நடந்த சோதனை இன்னும் சுவையானது. குற்றவியற் சட்டப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நூலைப் பற்றிய பேச்சினிடையே, அதனைக் கிறிஸ்தவ அறநெறியின் நோக்கில் ஆராய வேண்டும் என்றார் ஒரு மாணவர். அதைப் பொறுக்க முடியாது என்று சீறினார் இன்னொருவர். வாய்ச்சண்டை முற்றியது. ஒருவர் கைத்துப்பாக்கியை உருவினார். பேராசிரியர் இடையே புகுந்து தடுத்தார். வகுப்பே திகைத்துப் போயிற்று. அது முன்னரே ஒத்திகை பார்த்த நாடகம் என்பது பின்னரே தெரிந்தது.

கண்டதைக் கண்டவாறு கூறுமாறு மாணவர் கேட்கப்பட்டனர். மிகக் குறைவாகப் பிழைத்தவரின் கூற்றிலும் நூற்றுக்கு 26 பங்கு தவறு. மிகுதியாகப் பிழைத்தவரின் கூற்றில் 80 பங்கு தவறு. வாய் திறவாதிருந்தோர் பேசியதாகவும் சிலர் கூறினர். மனம் கொதித்த பிற்பகுதியிலேதான் பிழைகள் மிகுந்தன. இவ்வாறு தவறியவர்கள் யார்? நாளை வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் அமர வேண்டிய சட்ட மாணவர்களே!

இவ்வகை ஆய்வுகளை வளர்த்தவர் வில்லியம் ஸ்டெர்ன். பிழையற்ற நினைவு விதி அன்று, விதிவிலக்கே என்பது அவர் கண்ட முடிவு. 1903-இல் சாட்சியத்தின் உளவியலுக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். விடையை உள்ளே பொதிந்து கேட்கும் வினா, குறிப்பாகச் சிறுவர்களின் நினைவை எளிதில் திரித்துவிடும் என்று அவர் எச்சரித்தார்.

வுண்டின் மாணவராகிய ஹியூகோ மூன்ஸ்டர்பர்க், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து, 1908-இல் சாட்சிக் கூண்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தம் பிழையையே அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். அவர் இல்லத்தில் களவு போயிற்று. கள்வர் நிலவறையின் சன்னல் வழியே புகுந்தனர் என்றும், கடிகாரம் ஒன்றைத் தாளில் சுற்றி வைத்திருந்தனர் என்றும் ஆணையிட்டுச் சாட்சி சொன்னார். உண்மையில் அவர்கள் உடைத்தது நிலவறையின் கதவை. கடிகாரம் இருந்ததோ மேசைத் துணியில்! நினைவையே ஆராயும் பேராசிரியரின் நிலை இதுவெனில், நம் நிலை என்ன?

சட்ட அறிஞர்கள் அவரை எளிதில் ஏற்கவில்லை. விக்மோர் என்னும் பேரறிஞர் 1909-இல், மூன்ஸ்டர்பர்க் மீது வழக்கறிஞர்கள் மானநட்ட வழக்குத் தொடுத்ததாகக் கற்பனை செய்து எள்ளி எழுதினார். சான்று போதாமல் இவ்வளவு பேசலாமா என்பதே அவர் கேள்வி. அக்கேள்வி நன்மையே செய்தது. துறை பொறுமையாகச் சான்று சேர்க்கக் கற்றது.

கிளைகள்

இன்று இத்துறை பல கிளைகளாகப் படர்ந்துள்ளது. சாட்சியின் நினைவை ஆராய்வது ஒரு கிளை. குற்றம் நிகழ்ந்தபோது செய்தவரின் மனநிலை யாது என ஆராய்வது மற்றொன்று. 1843-இல் பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற ஒருவர் சித்தம் கலங்கியவர் என விடுவிக்கப்பட்டார். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பின், தாம் செய்வது இன்னது என்றோ அது தவறு என்றோ அறியும் ஆற்றல் அவருக்கு இருந்ததா என்னும் அளவுகோல் வகுக்கப்பட்டது. அதுவே 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. சிறையில் உள்ளோரைத் திருத்துதல், துன்புற்ற குழந்தைகளிடம் பக்குவமாக விசாரித்தல், குடும்ப வழக்கில் குழந்தையின் நலம் நாடுதல் ஆகியன பிற கிளைகள்.

அறம்

மருத்துவரிடம் செல்பவர் தம் நலம் வேண்டிச் செல்கிறார். நீதிமன்ற உளவியலாரிடம் வருபவரோ பெரும்பாலும் அனுப்பப்பட்டு வருகிறார். அவர் சொல்வது அவருக்கு எதிராகவும் திரும்பக்கூடும். ஆகவே, தாம் யாருக்காக ஆராய்கிறோம், கேட்டவற்றை யாரிடம் தெரிவிப்போம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் உளவியலாரின் தலையாய கடமை. ஒருவருக்கே நோய் தீர்ப்பவராகவும் நீதிமன்றத்திற்கு அறிக்கை தருபவராகவும் இரட்டை வேடம் பூணலாகாது. கட்டணம் தந்தவர் பக்கம் சாயலாகாது. குற்றவாளியா அன்றா எனத் தீர்ப்பதும் அவர் வேலை அன்று.

இவ்வறம் வழுவினால் வரும் இழுக்குக்கும் மூன்ஸ்டர்பர்க்கே சான்று. 1907-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கொலை வழக்கு நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஏவியதாகக் கூறிய சாட்சியை அவர் சோதித்தார். அச்சாட்சி உண்மையே பேசுகிறார் என்னும் அவர் கருத்து, தீர்ப்புக்கு முன்னரே செய்தித்தாளில் வெளிவந்துவிட்டது. ஜூரிகளோ அத்தலைவரை விடுதலை செய்தனர்.

நம் நாட்டில் இவ்வறம் சட்டமாகவே நிலைபெற்றது 2010 மே 5-இல் ஆகும். செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம், மயக்க மருந்து ஏற்றி விசாரித்தல், பொய் காட்டும் கருவி, மூளைப் பதிவு ஆகிய சோதனைகளை இசைவின்றி எவர்மீதும் நடத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் உறுதியே அதற்கு அடிப்படை. கருவி அளப்பது நாடித் துடிப்பும் மூச்சும் வியர்வையுமே. குற்றவாளி அஞ்சுவான், குற்றமற்ற எளியவனும் அஞ்சுவான். இரண்டு அச்சங்களையும் கருவி பிரித்தறியாது.

நமக்கு

தாய்மொழி வழங்கும் நிலம் விட்டு வந்து வாழும் நமக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் லாஃப்டஸ், பாமர் என்னும் இருவர், கார் விபத்துப் படங்களை மாணவர்க்குக் காட்டினர். நொறுங்க மோதியபோது வேகம் என்ன என்று கேட்கப்பட்டோர் மணிக்குச் சராசரி 40.8 மைல் என்றனர். தொட்டுக்கொண்டபோது வேகம் என்ன என்று கேட்கப்பட்டோர் 31.8 மைல் என்றனர். படங்கள் அவையே, மாறியது ஒரு வினைச்சொல் மட்டுமே.

அரைகுறையாக அறிந்த மொழியில் காவல் நிலையத்தில் வாக்குமூலம் தரும் நம்மவர் நிலையை எண்ணிப் பாருங்கள். உரசியது என்று அவர் நினைத்தது, மோதியது என்று எழுதப்படலாம். நீதிமன்ற மொழி அறியாத சாட்சி தம் மொழியிலேயே சாட்சி கூறவும், அது மொழிபெயர்க்கப்படவும் சட்டம் இடம் தருகிறது. துன்புற்ற குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் உதவி தர வேண்டும் என்பதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வகுத்துள்ளது. கேட்டுப் பெறுவதற்கு நாம் கூச வேண்டுவதில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்துச் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்ல நாணாதீர்கள். அவ்வொரு சொல்லால் குற்றமற்ற ஒருவர் பிழைத்தல் கூடும்.