கூழும் குடும்பமும்

யாழ்ப்பாணத்திலே ஒடியற்கூழ் காய்ச்சும் நாள், குடும்பம் முழுவதும் ஓரிடத்திற் கூடும் நாளாகும். பனையோலையைக் கோலிய பிளாக்களில் கூழை வார்த்து, பெரியோரும் சிறியோரும் சுற்றியிருந்து குடிப்பர்.

பாத்தியிலிருந்து கிண்டியெடுத்த பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். கூழுக்கு உரியது ஒடியல் மா. அதில் இயல்பாகவே கசப்பு உண்டு. ஆதலால் முதலில் அதை நீரில் ஊறவைத்தல் வேண்டும். கசப்பு நீரோடு கலக்கும். மா அடியிற் படியும். மேல்நீரை வடித்துப் புதுநீர் விடுதல் வேண்டும். இதில் அவசரப்பட்டால், மீனும் நண்டும் எவ்வளவு இட்டாலும் கூழ் கசந்துவிடும்.

மீன், நண்டு, இறால், மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியவை வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, மாவைக் கரைத்து ஊற்றுவர். கைவிடாது துழாவாவிடின் மா கட்டிபட்டுப் போகும்.

ஒவ்வொன்றிலும் ஒரு பிடியே போதும். பானையோ பலர் பசியாற்றும். 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அத்தகைய காலத்தில், கப்பலை எதிர்பாராத உணவு வளவிலேயே இருப்பது எத்துணைப் பலம்!

இன்று பனையில்லாத நாடுகளிலும் நம்மவர் வாழ்கின்றனர். ஒடியல் மா அங்கும் பொதியிற் போய்ச் சேரும். ஊறவைக்கும் பொறுமை பொதியில் வாராது. ஆகவே அடுத்தமுறை கூழ் காய்ச்சும்போது, மகளை மட்டுமன்றி மகனையும் அருகழைத்து, அந்த நீரை மாற்றப் பழக்குங்கள்.