தீவக நீதிமன்றும் கடற்றொழிலாளியும்

குற்றவியல் நீதி யாவர்க்கும் பொதுவானது என்பது சட்டவியலின் அடிப்படை எடுகோள். அது நடைமுறையில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை ஆராய்வதற்கு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம் தக்கதொரு களமாகும். நெடுந்தீவுக் கடலில் எல்லைதாண்டி மீன்பிடித்ததாகக் கைதாகும் தமிழ்நாட்டு மீனவர் பலர் இம்மன்றிலேயே முன்னிறுத்தப்படுகின்றனர்.

முதலில் அமைப்பினை நோக்குவோம். இலங்கையில் நீதவான் நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்பன படிமுறையாக அமைந்துள்ளன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வழக்குகளின் போக்கினை வகுக்கின்றது. கொலை போன்ற பாரிய குற்றங்களுக்குச் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றில் வழக்குத் தாக்கல் செய்வார். மீனவர் வழக்குகளோ பொதுவாகக் கீழ்ப்படியிலேயே முடிவடைகின்றன. கடற்படை கைதுசெய்யும், கடற்றொழில் திணைக்களம் வழக்குத் தொடரும், நீதவான் விளக்கமறியலுக்கு ஆணையிடுவார். குற்றத்தை ஒப்புக்கொண்டோரிற் பலர் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையுடன் நாட்டுக்குத் திருப்பியனுப்பப்படுவர்.

இவ்வழக்குகளுக்கு ஆதாரமானது வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம். 2018ஆம் ஆண்டுத் திருத்தம், படகின் நீளத்துக்கேற்பத் தண்டப்பணத்தைப் பன்மடங்காக உயர்த்திற்று. 2024 பெப்ரவரியில் படகோட்டிகளுக்கும் மீண்டும் அகப்பட்டவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதனைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர் அவ்வாண்டுக் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவைப் புறக்கணித்தனர்.

இங்கு நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு: கூண்டில் நிற்பவர் யார்? இழுவைப்படகுகளிற் செல்வோரிற் பெரும்பாலோர் பிறருடைய படகில் பங்குக்கோ கூலிக்கோ உழைப்பவர். எங்கு வலை வீசுவது என்பதை இலாபக் கணக்கே தீர்மானிக்கின்றது. ஆயினும் கரையிலிருக்கும் முதலாளி, படகுக்கு உரிமைகோரும் கட்டத்திலேதான் மன்றில் தோன்றுகிறார். அவர் இழக்கக்கூடியது உடைமை. தொழிலாளி இழப்பது உடற்சுதந்திரம். சட்டத்தின் முன் சமத்துவம் எனப்படுவதன் வர்க்க உள்ளடக்கம் இவ்விடத்தே புலனாகின்றது.

இதனால் ஏற்படும் பாதிப்பினை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 2009இல் போர் முடிந்தபின் கடலுக்குத் திரும்பிய தீவக மீனவரின் வலைகளை இழுவைப்படகுகள் அறுத்துச் செல்கின்றன; கடலடி வளம் அழிகின்றது. இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தமையும் இதன் காரணமாகவே. ஆனால் வலையை இழந்த நெடுந்தீவு மீனவர் அவ்வழக்கின் தரப்பினர் அல்லர். அரசுக்கும் எதிரிக்குமிடையே வழக்கு நடக்கின்றது. இழப்புக்கு உரியவர் அதற்கு வெளியே நிற்கின்றார்.

எனவே, பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உழைப்போருள் ஒரு சாரார் சிறைசெல்ல, மறுசாரார் வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றனர். தொழிலாளியைச் சிறையிடுவதால் அவருடைய இடத்திற்கு இன்னொரு தொழிலாளி அமர்த்தப்படுவாரேயன்றி, இழுவைமடி ஓயப்போவதில்லை. உடைமையாளரின் பொறுப்பும், வலையிழந்தோரின் இழப்பீடும் வழக்கின் மையத்துக்கு வரும்போதே இம்மன்று வழங்கும் தண்டனை நீதியெனும் பெயருக்குத் தகுதியுடையதாகும்.