வரைகலை அட்டையின் வெப்பம் போகும் வழி

கச்சான் வீசும் ஆடி மாதத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீடுகளில் கணினியின் விசிறி ஓயாது இரைவதைக் கேட்கலாம். உள்ளிருக்கும் வரைகலை அட்டை உண்ணும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகின்றது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 அட்டைக்கு 180 வாற்று போதியதாயிருந்தது. 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையோ 450 வாற்றுக் கேட்கின்றது. சூடு எல்லை கடந்தால் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண்.

குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை. இடம் மாற்றுகின்றது, அவ்வளவே. ஊதுவிசிறி அமைந்த அட்டை சூட்டுக் காற்றைப் பெட்டியின் பின்புறமாக வெளியே தள்ளிவிடும். இரைச்சல் மிகுதி, எனினும் ஒடுக்கமான பெட்டிக்கு அதுவே உகந்தது. இரண்டு மூன்று திறந்த விசிறிகளுடைய அட்டை, செப்புக் குழாய்கள் ஏந்திவரும் வெப்பத்தை அலுமினியத் தகடுகளிற் பரப்பி, பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே ஊதிவிடும். அங்கே காற்றோட்டம் இல்லையேல் விட்ட சூட்டையே மீண்டும் உறிஞ்சும்.

நீர்க்குளிர்ப்பே மேலானது என்பாரும் உளர். துறைமுகத்துக் கப்பல் தன் இயந்திரச் சூட்டைக் கடலில் விடுகின்றது. கணினியில் சுழலும் நீரோ அதனை அறைக் காற்றிலேயே விடவேண்டும். அறை 34 பாகையில் இருந்தால் இவற்றுள் எவ்வகையும் அதற்குக் கீழே குளிர்விக்க மாட்டாது. கடலோரத்திலோ உப்பு ஈரமும் தூசியும் சேர்ந்து தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். கடல் நோக்கிய சன்னலருகே பெட்டியை வைப்போர் அதை அடிக்கடி திறந்து, மென்தூரிகையால் துடைக்க வேண்டியிருக்கும்.